கேட்டில் வாங்கி வைக்க முடியாத பக்கம்

போன வாரம் நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒரு பிள்ளை என் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். வெப் டிசைனர் ஆக வேண்டுமென்றால் படம் திருத்துகிற சாப்ட்வேரைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டுமா, இன்டர்வியூவில் அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லையே, அதற்குப் பதிலாகச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்களே, இது என்ன கூத்து என்று கேட்டிருந்தாள். கேள்வி ஒன்றுதான், அதற்குள் இரண்டு புகார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். தேவையில்லை என்று சொன்னால் நாளைக்கே ஒரு நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் திரிவீர்கள். தேவை என்று சொன்னால் ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு அதையே தோண்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ரிட்டயர் ஆனவளிடம் கேள்வி கேட்டால் இதுதான் தண்டனை.

முதலில் என்னைப் பற்றி. நான் படத்தை வெறுக்கிறவள் இல்லை. சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் பிலிமைக் கண்ணாடி மேஜையில் விரித்து, கீழே லைட் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாகத் திருத்திய காலத்தில் வேலைக்கு வந்தவள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டேன். படத்தைத் திருத்தித் திருத்தியே இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். கடைசியில் எங்கள் முதலாளி அண்ணாச்சி லேபிள் பிரஸ்ஸுக்கு மாடியிலேயே வெப் டிசைன் பிரிவு ஆரம்பித்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள என்னை மேலே அனுப்பினார்.

நம் ஊரில் வெப் டிசைன் என்பது பிரஸ்ஸின் தங்கச்சி. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வேற ஊரில் எப்படியோ, இங்கே பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போட்டவர்களும் காலண்டருக்குச் சாமி படம் திருத்தியவர்களும்தான் வெப்புக்கு வந்தோம். நாங்கள் பழகிய அழகான தமிழ் எழுத்துகள் அந்தக் காலத்து வெப்பில் கட்டம் கட்டமாக உடைந்து வரும். அதனால் எழுத்தையும் சேர்த்து முழுப் பக்கத்தையும் ஒரே படமாக்கி ஏற்றிவிடுவோம். பிறகு தமிழ் ஒழுங்காக வர ஆரம்பித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. லேபிளை ஒட்டுவது மாதிரிப் பக்கத்தையும் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

வேலைக்கு ஆள் எடுப்பதும் அதே கணக்கில்தான். அண்ணாச்சி ஒரு பரீட்சை வைத்திருந்தார். தலைமுடி பறக்கிற ஒரு பெண்ணின் போட்டோ. பின்னால் தோட்டம். ஒரு முடி கூட அறுபடாமல் அந்தப் பெண்ணைத் தனியாக வெட்டியெடுத்து, மத்தாப்பு வெளிச்சத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். ஆபீஸில் இதற்குப் பேர் முடி கட்டிங். அதில் தேறினால் வேலை, இல்லையென்றால் ஒரு காபியோடு அனுப்பிவிடுவார்.

முத்துமாரி அதில் தேறவில்லை. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்த பெண். அவள் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அம்மா பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் திரி ஒட்டுகிற ஷெட்டில் இருந்தாள். இந்தப் பெண் எப்படியோ கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து நின்றாள். அவள் வெட்டிய தலையைப் பார்த்தால் ஏதோ வேண்டுதலுக்குப் பாதி மொட்டை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் கோடிங் எழுதச் சொன்னால் கை நிற்காமல் எழுதினாள். ஒரு பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று கேட்டால் பார்த்தவுடன் காரணம் சொன்னாள். எனக்கு அவளை விட மனசில்லை. அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"தீபாவளி வரைக்கும் இருக்கட்டும்," என்றார் அண்ணாச்சி. "அதுக்குள்ள முடி கட்டிங் வந்துட்டா சரி. வரலைன்னா அவ அம்மா போற வேன்ல ஒரு சீட்டு இல்லாமலா போயிரும்?"

கேலியாகத்தான் சொன்னார். அவர் மோசமான மனுஷர் இல்லை. ஆனால் முத்துமாரி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்துவிட்டது. அந்த வேனில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் பேச்சியம்மாள் மகளைப் படிக்க வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் கூட முடி வெட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பு செல்வினுக்கு. செல்வினைப் போல ஒரு கைகாரனை நான் பார்த்ததில்லை. வாடிய பூவை அவன் திரையில் மலர்த்திவிடுவான். அம்மன் முகத்தில் ஒரு நிழலைக் குறைத்துச் சிரிப்பை வரவழைப்பான். ஆனால் வாயைத் திறந்தால் நக்கல். படம் இல்லாத பக்கத்தைப் பார்த்தால் பந்தல் இல்லாத கல்யாண வீடு என்பான். முத்துமாரி எழுதுகிற கோடிங் அவனுக்கு மளிகைச் சிட்டை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, அவன் பேச்சைக் காதில் வாங்காமல் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது ஒரு மருத்துவமனையிலிருந்து வேலை வந்தது. அங்கே தீக்காய வார்டில் நர்ஸாக இருந்த சிஸ்டர் எனக்குச் சர்ச்சில் பழக்கம். தீபாவளிச் சீசன் நெருங்க நெருங்க அவருடைய முகம் மாறிக்கொண்டே வரும், ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். தீக்காயம் பட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்று பட்டாசுத் தொழிலாளர்கள் போனில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார். நிறைய விஷயம் சொன்னார், ஆனால் திரும்பத் திரும்ப வந்து நின்றது ஒரே இடத்தில்தான்.

"கையில பேனா மையை ஊத்திக்கிட்டு வாராகக்கா. பேஸ்ட்டு, தோசை மாவு, எல்லாத்தையும் அப்பிக்கிட்டு வாராக. எழுதுறதுக்கு யாரும் இப்ப மை வாங்குறதில்ல, இதுக்குன்னே பாட்டில் வாங்கி வச்சிருக்காக. அதைச் சுரண்டி எடுத்தாத்தான் எனக்குப் புண்ணு எம்புட்டு ஆழம்னே தெரியும். சுரண்டும்போது அவுக கத்துறதை நான் கேக்கணும்."

வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்ற வேண்டும், வீங்கிவிட்டால் கழற்ற முடியாது என்றார். இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும் என்றார். இவ்வளவுதான் விஷயம். மீதியை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும்.

செல்வின் அந்தப் பக்கத்தைச் செய்தான். சும்மா சொல்லக் கூடாது, திரையில் வந்தபோது நானே அசந்து போனேன். கருநீல வானம், கையில் விளக்கோடு சிரித்தபடி ஒரு நர்ஸ், அவள் முடியில் ஒரு இழை கூடத் தப்பாமல் வெட்டி, பின்னாலிருந்து ஒளி விழுகிற மாதிரி வைத்திருந்தான். முதலுதவி விவரம் எல்லாம் தங்க எழுத்தில், சாமி காலண்டரில் வருகிற மாதிரி. மருத்துவமனை நிர்வாகத்தார் எங்கள் ஆபீஸுக்கு வந்து பெரிய திரையில் பார்த்து அப்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று.

அவர்கள் படியிறங்கிய பிறகு முத்துமாரி மெதுவாகச் சொன்னாள், இது மொத்தமும் ஒரே படமாக இருக்கிறது, ரொம்பக் கனம், எங்கள் ஊர்ப் பக்கம் போனில் இறங்காது என்று. தான் இதே விவரத்தை வெறும் எழுத்தில் செய்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். முதலில் முடி வெட்டக் கற்றுக்கொண்டு வா தாயி, அப்புறம் அடுத்தவர் படத்துக்கு எடை போடலாம் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செல்வின் சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் பக்கம் சரி என்று எனக்கும் தெரியாது. பிரஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் முதல் தாள் வந்ததும் அங்கேயே டியூப் லைட்டில் பார்த்துச் சரி சொல்லிவிட மாட்டோம். தாளை வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்போம். கடையில் தொங்கப் போகிற காலண்டர் கடை வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்பதுதானே முக்கியம். நான் அந்த வழக்கத்தைச் சொன்னேன். இந்தப் பக்கத்தை யார் எங்கே வைத்துப் பார்க்கப் போகிறார்களோ அங்கே கொண்டுபோய்ப் பார்த்துவிடுவோம், இரண்டு பக்கத்தையும் பார்ப்போம் என்றேன். அண்ணாச்சி முணுமுணுத்தார், ஆனால் பிரஸ்காரர், வெயிலில் தாள் பார்ப்பதை எப்படி மறுப்பார்?

மறுநாள் காலையில் நான், செல்வின், முத்துமாரி மூன்று பேரும் பேச்சியம்மாள் போகிற வேனில் ஏறினோம். நெருக்கி உட்கார்ந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். மகள் அந்த வேனில் கால் வைத்ததைப் பார்த்ததும் பேச்சியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. வேலை போய்விட்டதோ என்று என் கண்ணைப் பார்த்தாள். ஆபீஸ் வேலையாகத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்ன பிறகும் மகளின் கையை விடவில்லை.

முத்துமாரி முதலில் செல்வின் செய்த பக்கத்தை எல்லோர் போனுக்கும் அனுப்பினாள். சிக்னல் குறைவான சுண்ணாம்புக்கல் குவாரியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். எல்லோர் போனிலும் வெள்ளைத் திரை, நடுவில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த மாரீஸ்வரி என்ற பெண் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்தவளிடம் ரேஷன் கடை விஷயம் பேச ஆரம்பித்தாள். செல்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது சிவந்துபோயிருந்தது.

அடுத்து முத்துமாரியின் பக்கம். தொட்டவுடன் திறந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் விரலால் மேலே தள்ளினார்கள், இன்னும் தள்ளினார்கள், முடித்துவிட்டார்கள். என்ன போட்டிருந்தது என்று மாரீஸ்வரியிடம் கேட்டேன். "ஏதோ ஆஸ்பத்திரி விளம்பரம்லாக்கா," என்றாள்.

அதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது. வாட்ச்மேன் ஒவ்வொருவர் போனையும் வாங்கி ஒரு பலகை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெடிமருந்து புழங்குகிற இடம், உள்ளே போன் கொண்டுபோக முடியாது. இது சிவகாசியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியும், செல்வினுக்குத் தெரியும், முத்துமாரி பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள், சிஸ்டருக்கும் தெரியும். ஆனால் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களில் ஒருவர் கூட அதை நினைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"அப்ப தீப்பிடிக்கும்போது கையில போனே இருக்காதுல்லாக்கா," என்றான் செல்வின். "நாம யாருக்குப் பேஜ் செஞ்சோம்?"

அவன் குரலில் நக்கல் இல்லை. எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது முத்துமாரியும் ஒப்புக்கொண்டாள், தன் பக்கம் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது, படிக்கவே தோன்றாது என்று. அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. தீப்பிடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. வேனில் பார்ப்பார்கள், கேட்டில் போனைக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்களோடு உள்ளே போவது மண்டைக்குள் தங்கியது மட்டும்தான். எனவே திறக்கவும் வேண்டும், தங்கவும் வேண்டும்.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. நிர்வாகத்தார் சம்மதித்த பக்கத்தைத் தூக்கிப் போட்டால் அண்ணாச்சி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அப்படியே விட்டால் விழா நன்றாக நடக்கும், எல்லோரும் கை தட்டுவார்கள், சிஸ்டர் மட்டும் மையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். இந்த மாதிரி நேரத்தில் யாரும் உங்களுக்கு வழி சொல்ல மாட்டார்கள், பிள்ளைகளா. நான் அங்கிருந்தே அண்ணாச்சிக்குப் போன் போட்டு, பக்கம் மாறுகிறது, கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆபீஸுக்கு வந்து இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். ஒரே ஒரு படம், பார்த்தவுடன் மனசில் நிற்க வேண்டும், குவாரிப் பக்கத்திலும் தொட்டவுடன் திறக்க வேண்டும் என்றேன். செல்வின் குழாயடியில் ஒரு கையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். கனம் என்றாள் முத்துமாரி. பின்னாலிருந்த சுவரை எடுத்தான். இன்னும் கனம். நிழலை எடுத்தான், தண்ணீரின் மினுமினுப்பை எடுத்தான், குழாயின் பித்தளைப் பளபளப்பை எடுத்தான். ஒவ்வொன்றும் அவன் கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் பாடுபட்ட வித்தை. அதை அவன் கையாலேயே அவன் அழித்தான்.

"இன்னும் எம்புட்டுத்தான் எடுக்கச் சொல்லுத?" என்றான் ஒரு கட்டத்தில்.

"வளையலையும் எடுங்கண்ணே," என்றாள் அவள்.

அவன் வளையலை எடுத்தான்.  பிறகு எடுத்த வளையல்களை அழிக்காமல் குழாய்க்குக் கீழே இருந்த திண்டில் கொண்டுபோய் வைத்தான். சிஸ்டர் சொன்னது அவன் நினைவில் இருந்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு மை பாட்டில் வரைந்து அதன் மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தான். எல்லாம் எடுத்த பிறகு போட்டோவில் மிஞ்சியது கோட்டுச் சித்திரம்தான், மூன்று நிறம். மேலே முத்துமாரி எழுத்தாகவே நான்கு வார்த்தை போட்டாள்: வளையல் கழற்று, தண்ணீரில் காட்டு. கீழே இருபது நிமிஷம் என்று கொட்டையாக. படத்தின் கனத்தைப் பார்த்தாள், செல்வினைப் பார்த்தாள். முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த நாள் மறுபடியும் வேன். குவாரி தாண்டும்போது அனுப்பினோம், எல்லோர் போனிலும் உடனே வந்துவிட்டது. மாரீஸ்வரிதான் ஆரம்பித்தாள். வளையலை எதுக்குக் கழட்டி வச்சிருக்கு, தாலியறுத்த வீடு மாதிரி என்று கோபமாகக் கேட்டாள். வீங்கிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். அது சரி, மை ஊத்தக் கூடாதுன்னு யாரு சொன்னது, என் மாமியாருக்கு மையில்தான் சரியாச்சு என்று மாரீஸ்வரி சண்டைக்கு வந்தாள். சரியானது மையிலா, நாள் போனதிலா என்று பேச்சியம்மாள் கேட்டாள். வண்டி முழுக்க ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கேட்டில் வாட்ச்மேன் போன்களை வாங்கி அடுக்கினார். அவர்கள் வளையலையும் மையையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே போனார்கள். அதை அவரால் வாங்கி வைக்க முடியவில்லை.

திறப்பு விழா சப்பென்று முடிந்தது. விளக்கேந்திய நர்ஸ் எங்கே என்று நிர்வாகத்தார் கேட்டார்கள். அண்ணாச்சி என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முத்துமாரிக்கு முடி கட்டிங் வரவும் இல்லை. தீபாவளி நெருங்கியது. ஒரு நாள் மதியம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, பண்டிகையோடு அவளை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லுங்கள், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். பேச்சு எடுபடவில்லை. அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். 

அப்போதுதான் சிஸ்டர் போன் செய்தார். பேச்சியம்மாளுக்குக் கையில் தீ பட்டுவிட்டது, பயப்படும்படி இல்லை, மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நானும் செல்வினும் முத்துமாரியை நடுவில் உட்கார வைத்து ஆட்டோவில் போனோம்.  செல்வின் கைக்குட்டையைக் கொடுத்தான், அதை வாங்கி மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வார்டு வாசலில் மாரீஸ்வரி சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். ஷெட்டில் திரி உரசித் தீப்பொறி பறந்திருக்கிறது. இவள்தான் பேச்சியம்மாளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக் குழாயடிக்குப் போயிருக்கிறாள். போர்மேன் ஆபீஸிலிருந்து மை பாட்டிலோடு ஓடி வந்தாராம். கிட்ட வந்தீகன்னா உங்க தலையில ஊத்திருவேன் என்று அவரை விரட்டிவிட்டாளாம். சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலைந்து கண்ணாடி வளையல்களை முத்துமாரியின் கையில் வைத்தாள்.

"முதல்ல இதைக் கழட்டிட்டேன் தாயி. ஒண்ணு கூட உடையல."

சிஸ்டர் வெளியே வந்தார். எத்தனையோ வருஷமாக அவரை அந்த வாசலில் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு இருந்த முகம் வேறு.

"கையில மை இல்லக்கா," என்றார்.  

சாயங்காலம் அண்ணாச்சி பிரெட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்தார். பேச்சியம்மாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். செல்வின் அவர் முன்னால் போய் நின்றான். அவன் அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"முடி கட்டிங் நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, அதுக்கு நான் இருக்கேன். அவ செய்யுறதுக்குத்தான் நம்மட்ட வேற ஆளு இல்ல."

 அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "வேன் சீட்டுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை விட்டேன்லா," என்றார். "அதை அந்தப் பிள்ளை மனசுல வச்சுக்கிட வேண்டாம்னு சொல்லிருங்க." அப்படித்தான் அவள் வேலை நிலைத்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். செல்வின் அளவுக்கு உங்களுக்குப் படம் திருத்தத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு படத்திலிருந்து எதை எடுத்தால் அது இன்னும் நிற்கும், எதை எடுத்தால் விழுந்துவிடும் என்று பார்க்கிற கண் வேண்டும். அதற்குக் கொஞ்சமாவது அந்தச் சாப்ட்வேரில் கை நனைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் செல்வினிடம் என்ன கேட்பது என்றே தெரியாது. மீதியைக் கற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், உங்கள் ஆசை. நான் கற்றேன், வருத்தப்படவில்லை. ஆனால் அதில் தேறிவிட்டதால் மட்டும் டிசைனர் ஆகிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கம் யார் கையில், எந்த இடத்தில் திறக்கிறது என்று போய்ப் பார்க்காதவரை நாம் செய்தது நமக்கே தெரியாது.

இன்டர்வியூவில் முடி கட்டிங் ஏன் இல்லை, முதல் நாளே ஏன் வேன் என்று கேட்டிருந்தாள் அந்தப் பிள்ளை. இரண்டும் உங்கள் டீம் லீடர் செய்த மாற்றம், கேட்டால் சொல்ல மாட்டாள், முத்துமாரி இன்றைக்கும் தன்னைப் பற்றிப் பேசாதவள்தான். அவளுக்கு இப்போதும் முடி கட்டிங் வராது.

அடுத்த தடவை அந்த வேனில் ஏறும்போது பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து உங்களுக்கு இடம் கொடுக்கிற அம்மாவைப் பாருங்கள். வேலையை விட்டுவிடு என்று மகள் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே தோல் கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள்.